மூணாறு: தேயிலைக்கு முன்னும் பின்னும், மலைநாட்டில் காண வேண்டிய வரலாற்றுத் தடங்கள்

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் அமைந்துள்ள மூணாறுக்கு ஆண்டுதோறும் பெருந்திரளான சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் மாட்டுப்பட்டி அணை, இரவிகுளம் தேசியப் பூங்கா, சில காட்சிமுனைகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு இரண்டு நாள்களில் திரும்பிவிடுகின்றனர். ஆயினும், இம்மலைநாடு இன்றைய வடிவத்தைப் பெற்று ஒன்றரை நூற்றாண்டு கூட ஆகவில்லை. காட்டைத் திருத்திக் குடியேறியவர்கள் விட்டுச் சென்ற தடங்கள் சாலையோரத்திலேயே உள்ளன. அவற்றுள் சிலவற்றிற்குப் பெயர்ப்பலகை உண்டு, பலவற்றிற்கு இல்லை.

அத்தடங்களை எங்கே, எவ்வாறு காணலாம் என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

முதலில் வந்தவர்கள்

மூணாற்றின் வரலாறு ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகளிடமிருந்து தொடங்குவதாகவே சுற்றுலா வழிகாட்டிகள் கூறுவது வழக்கம். அது பாதிக் கதை மட்டுமே. மீதிக் கதையை அறிய, மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மறையூருக்குச் செல்ல வேண்டும்.

மழைமறைவுப் பள்ளத்தாக்கான மறையூரில் 'முனியறைகள்' எனப்படும் பெருங்கற்காலக் கல்திட்டைகள் உள்ளன. பக்கவாட்டில் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பெரும் பலகைக் கல்லை மூடியாக வைத்து அமைக்கப்பட்ட ஈமச்சின்னங்கள் இவை. முனிவர்கள் தங்கிய அறைகள் என்று மக்கள் நம்பியதால் இப்பெயர் வந்தது. பாம்பாற்றங்கரையில் கோவில்கடவு அருகே பாறைமீது வரிசையாக நிற்கும் திட்டைகளை எளிதில் அடையலாம். பல திட்டைகளின் மூடுகற்கள் சரிந்துவிட்டன, பலகைகள் உடைந்துள்ளன. இவற்றின்மீது ஏறி நின்று படம் எடுப்பது சின்னங்களுக்கும் ஏறுபவருக்கும் ஆபத்தானது.

இதே பள்ளத்தாக்கில் மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தளூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்கள் 'அஞ்சுநாடு' என்று அழைக்கப்படுகின்றன. தங்கள் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு மதுரைப் பகுதியிலிருந்து போருக்கு அஞ்சி மலையேறி வந்தவர்கள் என்பது இவ்வூர் மக்களின் மரபுவழிச் செய்தியாகும். இன்றும் அவர்களின் வீட்டுமொழி தமிழே. மலைச்சரிவைப் படிக்கட்டுகளாக வெட்டி அவர்கள் அமைத்த வயல்களில் இப்போது காய்கறிகளும் பழமரங்களும் விளைகின்றன. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுக்கான போட்டியில் காந்தளூர் 2023-ஆம் ஆண்டு தங்கப் பிரிவில் தேர்வு பெற்றது. மறையூர் வெல்லத்திற்கு 2019-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கரும்பாலைகளில் பாகு காய்ச்சி, சூட்டோடு உருண்டை பிடிப்பதை நேரில் பார்க்கலாம். வெல்லத்தை அங்கேயே வாங்குவதும் நல்லது.

முதுவர் பழங்குடியினரும் மதுரையிலிருந்து வந்ததாகவே கூறுகின்றனர். மீனாட்சி அம்மன் திருவுருவத்தை முதுகில் சுமந்து வந்ததால் 'முதுவர்' எனப் பெயர் பெற்றதாக அவர்களின் வழக்கு உண்டு. பின்னர் வந்த ஐரோப்பியர்களுக்கு இம்மலையின் ஒற்றையடிப் பாதைகளைக் காட்டியவர்களும் இவர்களே. 'கண்ணன் தேவன்' என்று இன்று தேயிலைப் பொட்டலங்களில் அச்சாகும் பெயரும், முன்பு இங்கு வாழ்ந்த மலைத்தலைவர் ஒருவரின் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது.

முதுவர் குடியிருப்புகள் நிறைந்த இடமலைக்குடி, 2010-இல் உருவாக்கப்பட்ட கேரளத்தின் முதல் பழங்குடியினர் ஊராட்சியாகும். அங்கு வெளியாட்கள் வனத்துறை அனுமதியின்றிச் செல்ல இயலாது. அதைச் சுற்றுலா இடமாகக் கருதாமல் விட்டுவிடுவதே முறை.

பூஞ்ஞாறு அரசரின் குத்தகை

1877-ஆம் ஆண்டு ஜூலை மாதம், பூஞ்ஞாறு அரச குடும்பத்தினரிடமிருந்து கண்ணன் தேவன் மலைப்பகுதியை ஜான் டேனியல் மன்றோ என்பவர் குத்தகைக்குப் பெற்றார். திருவிதாங்கூர் அரசில் அலுவலராக இருந்த மன்றோ, வேட்டைக்காக மலையேறியபோது இந்நிலத்தின் வளத்தைக் கண்டவர். 1879-இல் வட திருவிதாங்கூர் நில, தோட்ட, வேளாண் சங்கம் உருவானது. சங்க உறுப்பினர்கள் முதலில் நட்டவை காப்பி, சின்கோனா, ஏலம் போன்றவை. 1880-இல் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் சுமார் 50 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். மற்றப் பயிர்கள் ஒவ்வொன்றாகத் தோற்க, தேயிலை நிலைத்தது. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தொடங்கப்பட்டது.

இக்காலத்தின் மிகத் தெளிவான சின்னம், பழைய மூணாற்றில் சாலைக்கு மேலே குன்றின்மீது நிற்கும் சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயமாகும். கருங்கல்லால் கட்டப்பட்ட இக்கோயிலுக்கு 1910-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1911-இல் அர்ப்பணிப்பு நடைபெற்றது. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைக் காட்டிலும் சுவரில் பதித்துள்ள பித்தளைப் பட்டயங்களே வரலாற்று ஆர்வலர்களுக்குப் பயன் தருபவை. தோட்ட மேலாளர்களின் பெயர்களும் மறைந்த ஆண்டுகளும் அவற்றில் உள்ளன.

இக்கோயிலுக்கு ஒரு விந்தை உண்டு. கோயில் எழுவதற்கு முன்பே இங்கு கல்லறைத் தோட்டம் வந்துவிட்டது. தோட்ட நிர்வாகியான ஹென்றி நைட் என்பவரைத் திருமணம் செய்து புதுமணப்பெண்ணாக மலையேறி வந்த எலனோர், 1894-இல் காலரா நோயால் இறந்தார். அவர் விரும்பிய குன்றிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதன்பின் அக்குன்று கல்லறைத் தோட்டமாயிற்று. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகிய பிறகே கோயில் எழுந்தது. கோயிலின் பின்புறம் மேலேறும் பாதை மழைக்காலத்தில் வழுக்கும். வழிபாட்டு நேரங்களைத் தவிர்த்துச் செல்வது நலம்.

நல்லதண்ணி அருங்காட்சியகம்

நகரிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவில், நல்லதண்ணி எஸ்டேட்டில் தேயிலை அருங்காட்சியகம் உள்ளது. 1905-ஆம் ஆண்டைச் சேர்ந்த தேயிலை உருட்டும் எந்திரம், 1920-களில் கன்னிமலை எஸ்டேட்டில் மின்சாரம் எடுக்கப் பயன்பட்ட பெல்டன் சக்கரம், பழைய மலை ரயிலின் சக்கரம், பெரியகானல் அருகே கிடைத்த இரும்புக்கால ஈமத்தாழி ஆகியவை இங்கு வைக்கப்பட்டுள்ளன. தேயிலை தயாரிக்கும் முறையும் செய்து காட்டப்படுகிறது.

தமிழ்நாட்டு வாசகர்கள் தவறவிடக் கூடாத ஒரு பொருள், வெளியே கருங்கல் மேடைமீது உள்ள சூரியக் கடிகாரம். இது 1913-இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் நாசரேத்தில் இயங்கிய தொழிற்பள்ளியில் செய்யப்பட்டது. தோட்டத் தொழிலாளர்களைக் கங்காணிகள் திரட்டி வந்த தென்மாவட்டச் சீமையிலிருந்தே இக்கடிகாரமும் மலையேறியிருக்கிறது. அருங்காட்சியகத்திற்குத் திங்கட்கிழமைகளில் விடுமுறை. செல்லும் முன் நேரத்தை உறுதி செய்துகொள்ளவும்.

தண்டவாளம் இருந்த காலம்

மூணாற்றில் ரயில் ஓடியது என்றால் இன்று பலர் நம்புவதில்லை. தேயிலையைக் கீழே கொண்டுசெல்ல 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. பெட்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்திலும், சமநிலைக்கான பெரிய சக்கரம் பக்கத்துத் தரையிலும் உருளும். மாடுகள் இழுத்துச் செல்லும். 1908-இல் இது இரண்டு அடி அகலமுள்ள இருப்புப்பாதையாக மாற்றப்பட்டு, நீராவி எந்திரங்கள் ஓடின.

பாதை முடியும் இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடப் பாதை வழியாகக் குரங்கணிக்கு அருகேயுள்ள பாட்டம் ஸ்டேஷனுக்கு இறக்கப்பட்டன. பின்னர் போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்து கப்பலேறின. மூணாற்றின் தேயிலை முதலில் உலகைக் கண்டது கொச்சி வழியாக அன்று, தமிழக மண்ணின் வழியாகவே.

1924-ஆம் ஆண்டு ஜூலையில் பெய்த பெருமழை அனைத்தையும் புரட்டிப் போட்டது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால், கேரளத்தில் இது 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' எனப்படுகிறது. இருப்புப்பாதை, பாலங்கள், ஆலுவாவிலிருந்து வந்த பழைய சாலை ஆகியவை அழிந்தன. நகரின் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது. ரயில் மீண்டும் ஓடவில்லை. கொச்சிப் பக்கச் சாலைக்கு நேரியமங்கலம் வளைவுப் பாலம் 1935-இல் திறக்கப்பட்டது. இன்றும் அப்பாலத்தைக் கடந்தே வாகனங்கள் மலையேறுகின்றன. பழைய ரயில் நிலையக் கட்டடம் மூணாற்றில் தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாகச் செயல்படுகிறது. டாப் ஸ்டேஷனில் சிதிலங்கள் சிலவே எஞ்சியுள்ளன. அங்கு மேகம் விலகும் வேளையில் தேனி மாவட்டச் சமவெளி கண்ணுக்குத் தெரியும்.

பலகை இல்லாத வரலாறு

மேலே கூறப்பட்ட இடங்களில் முதலாளிகளின் பெயர்கள் கல்லிலும் பித்தளையிலும் உள்ளன. காட்டை வெட்டி, குழி தோண்டி, செடி நட்டவர்களின் பெயர்களை அவ்விடங்களில் தேடிக் காண்பது அரிது. அவர்களுக்குரிய கட்டடம் 'லயம்' எனப்படும் வரிசை வீடுகளே. ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துச் சிறு அறைகளாக அமைந்த இவற்றில் மூன்று, நான்கு தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. வீடு தோட்ட நிறுவனத்திற்குரியது. பணி ஓய்வு பெற்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். எனவே, நூறாண்டு உழைத்த ஒரு குடும்பத்திற்கு இம்மலையில் 'இது எங்கள் பூர்வீக வீடு' என்று காட்ட ஓரிடம் இல்லாமற் போகலாம்.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவு நான்கு லயங்களை மூடியது. 70 பேர் உயிரிழந்தனர். நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தினர். உடல்கள் ராஜமலையில் ஒரே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டன. வரையாடுகளைக் காண இரவிகுளம் பூங்காவிற்கு வரும் பேருந்துகள் செல்வதும் இதே மலைப்பகுதிக்குத்தான். கிறிஸ்து ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தைக் காண்பவர்கள் இந்த இடத்தையும் அறிந்திருப்பது நியாயமாகும்.

2015 செப்டம்பரில், நாளொன்றுக்கு 232 ரூபாய் கூலி பெற்றுவந்த பெண் தொழிலாளர்கள், போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து மூணாறு நகரச் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் விடாமல் தாங்களே நடத்திய அப்போராட்டம் 'பெண்பிளை ஒருமை' என்ற பெயரில் நாடு முழுவதும் அறியப்பட்டது. அது நடந்த இடம் பயணிகள் சாக்லேட்டும் தேயிலையும் வாங்கும் அதே கடைவீதிதான்.

லயங்கள் மக்கள் வாழும் வீடுகள். அனுமதியின்றி உள்ளே நுழைவதும், வாசலில் நிற்பவர்களைப் படம் எடுப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். மாறாக, தேநீர்க் கடையில் அமர்ந்து முதியவர் எவரிடமாவது அவர் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தமிழில் கேட்டால், எந்த அருங்காட்சியகத்திலும் இல்லாத செய்தி கிடைக்கும்.

எப்படிச் செல்லலாம்?

தமிழ்நாட்டிலிருந்து இரு வழிகள் முக்கியமானவை. ஒன்று, போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு வழியாகச் செல்வது. அகலப்பாதைப் பணிகளுக்காக நீண்டகாலம் மூடப்பட்டிருந்த போடி ரயில் நிலையத்திற்கு 2023 ஜூன் முதல் மீண்டும் ரயில்கள் இயக்கப்படுகின்றன. மற்றொன்று, உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாகச் செல்வது. வரலாற்றை வரிசையாகக் காண விரும்புவோருக்கு இரண்டாவது வழியே ஏற்றது. கல்திட்டைகளில் தொடங்கித் தேயிலையில் முடிக்கலாம். யானைகள் நடமாடும் காட்டுச்சாலை என்பதால் பகலிலேயே கடந்துவிட வேண்டும்.

குறைந்தது மூன்று நாள்கள் ஒதுக்குவது நல்லது. மறையூர், காந்தளூருக்கு ஒரு நாள். ஆலயம், அருங்காட்சியகம், பழைய மூணாறுக்கு ஒரு நாள். மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒரு நாள். மாட்டுப்பட்டிச் சாலை ஏறத்தாழ பழைய ரயில் சென்ற பள்ளத்தாக்கை ஒட்டியே செல்கிறது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கனமழையும் நிலச்சரிவும் சாலைகளை முடக்கக்கூடும். கிளம்பும் முன் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்புகளைப் பார்க்கவும். வரையாடுகள் குட்டி ஈனும் காலமான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளம் பூங்கா வழக்கமாக மூடப்படும். டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் பழைய பாதையில் வனத்துறை அனுமதியின்றி நடக்கக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது குறிப்பிடத்தக்கது.