அல்பாக்கா வளர்த்தால் லாபம் வருமா? - ஒரு கம்பளிக் கணக்கு

தலைப்பைப் பார்த்துட்டு "இவனும் வேலையை விட்டுட்டு ஆடு மேய்க்கக் கிளம்பிட்டான்"னு நினைச்சுடாதீங்க மக்களே. ஆனால் ஐ.டி.யில் இருக்கிற யாரைக் கேட்டாலும் "ரெண்டு ஏக்கர் வாங்கிப் போட்டு செட்டில் ஆயிடணும் மச்சி" என்கிற டயலாக் கட்டாயம் வரும். இந்தக் கனவு நமக்கு மட்டும் இல்லை, அமெரிக்காக்காரனுக்கும் உண்டு. அவனுடைய கனவில் கொஞ்ச காலம் புல் மேய்ந்துகொண்டிருந்த மிருகத்தின் பெயர் அல்பாக்கா. அதை நம்பி ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர்கள் நிறைய. அந்தப் பணம் எங்கே போச்சு என்று தேடப்போய் இன்கா பேரரசு வரைக்கும் போய்விட்டேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதலில் ஆள் யாருன்னு பார்த்துடுவோம். ஒட்டகத்தின் தென் அமெரிக்க ஒன்றுவிட்ட தம்பிதான் அல்பாக்கா. லாமாவோடு குழப்பிக்க வேண்டாம். லாமா பெருசு, மூட்டை சுமக்கும். அல்பாக்கா சிறுசு, 50 முதல் 80 கிலோ இருக்கும், மூட்டை எல்லாம் சுமக்காது. அதன் வேலை முடி வளர்ப்பது மட்டும்தான். பஞ்சு மாதிரி புசுபுசு என்று இருந்தால் வகாயா, சடை சடையாகத் தொங்கினால் சூரி. ரெண்டே ரகம். காட்டில் திரிகிற விகுன்யா என்ற மிருகத்தை ஆண்டீஸ் மலைக்காரர்கள் 6,000 வருஷத்துக்கு முன்பே பழக்கி உருவாக்கியது இது.

இன்கா ராஜ்ஜியத்தில் துணி என்பது கிட்டத்தட்ட நாணயம் மாதிரி. படைவீரனுக்குச் சம்பளம் துணி, ஜெயித்த ஊர்த் தலைவனுக்கு மரியாதை துணி, சாமிக்குக் காணிக்கையும் துணி. 'கும்பி' என்ற உயர்ரகத் துணியை நெய்வதற்கென்றே தனி ஆட்களை ராஜாங்கம் வைத்திருந்தது. அரசுக்கும் கோயிலுக்கும் தனித்தனி மந்தைகள். 1532-ல் ஸ்பெயின்காரன் வந்தான். ஆடு, மாடுகளையும் கூடவே கொண்டு வந்தான். நல்ல மேய்ச்சல் நிலம் எல்லாம் அவற்றுக்குப் போக, அல்பாக்காக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மிஞ்சியவை 4,000 மீட்டர் உயரத்தில், வேறு எதுவும் பிழைக்காத குளிர்ப் புல்வெளிக்கு ஒதுங்கின. தென் பெருவில் எல் யாரல் என்ற இடத்தில் சுமார் ஆயிரம் வருஷம் பழைய அல்பாக்கா, லாமா மம்மிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றின் முடி இன்றைக்கு இருக்கிற மிருகங்களின் முடியைவிட மெல்லிசு, ஒரே சீராகவும் இருக்கிறது. ஒரு பேரரசே உட்கார்ந்து செய்த தேர்வு இனப்பெருக்கம் அப்படியே கைவிட்டுப் போயிருக்கிறது.

அடுத்த காட்சி இங்கிலாந்து. 1836-ல் லிவர்பூல் துறைமுகக் கிடங்கில் யாரும் சீண்டாமல் கிடந்த அல்பாக்கா மூட்டைகளை டைட்டஸ் சால்ட் என்ற பிராட்ஃபோர்டு மில்காரர் வாங்கினார். பாவுக்குப் பருத்தி நூல், ஊடைக்கு அல்பாக்கா நூல் என்று போட்டு, பட்டு மாதிரி மின்னுகிற துணியை நெய்து காட்டினார். விக்டோரியா காலத்துப் பெண்களின் கவுனுக்கு அது பிய்த்துக்கொண்டு போச்சு. 1853-ல் தன் 50-வது பிறந்தநாளில் ஒரு பிரம்மாண்ட மில்லைத் திறந்தார். தொழிலாளிகளுக்கு வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஒரு ஊரையே கட்டி, தன் பெயரைச் சேர்த்து சால்ட்டேர் என்று வைத்தார். 2001-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மனுஷன் தன் குலச்சின்னத்திலேயே ஒரு அல்பாக்காவை நிறுத்தி வைத்திருந்தார் :-)

ஒரு விஷயத்தைக் கவனிங்க. கதையில் முதன்முதலாக அல்பாக்காவால் கோடீஸ்வரன் ஆனவர் இவர்தான். இவர் அல்பாக்காவை வளர்த்துப் பணக்காரர் ஆகவில்லை, நூற்றுப் பணக்காரர் ஆனார். அந்த ஃபேஷன் போனதும் 1892-ல் அந்தக் கம்பெனியும் திவாலாகிக் கைமாறியது என்பது தனிக் கதை.

சால்ட்டின் பணத்தைப் பார்த்து "நாமே வளர்த்தால் என்ன?" என்று மத்தவங்க கிளம்பினாங்க. பெரு அரசாங்கம் உயிருள்ள அல்பாக்காவை வெளியே விடக்கூடாது என்று தடை போட்டிருந்தது. அங்கே வந்தார் சார்லஸ் லெட்ஜர். லண்டனில் பிறந்து, பெருவில் கம்பளி வியாபாரம் செய்தவர். மலைப் பாதையில் மந்தையை பொலிவியா, அர்ஜென்டினா என்று சுற்றவிட்டு, ஆண்டீஸைத் தாண்டி சிலி கடற்கரைக்குக் கொண்டுவந்து கப்பல் ஏற்றினார். பல வருஷப் பாடு, செத்துப் போன மிருகங்கள் ஏராளம். 1858 நவம்பரில் 256 உருப்படிகளோடு சிட்னியில் இறங்கினார். நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் 15,000 பவுண்டுக்கு மந்தையை வாங்கியது.

அப்புறம்? ஒண்ணும் இல்லை. மந்தை எதிர்பார்த்த மாதிரி பெருகவில்லை. ஆஸ்திரேலியாவில் மெரினோ செம்மறி ஏற்கனவே பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. அதை விட்டுட்டு இதை யார் வளர்ப்பான்? 1860-களின் நடுவிலேயே மந்தையைக் கலைத்துவிட்டார்கள். லெட்ஜர் 1905-ல் சிட்னியில் ஏழையாகச் செத்தார். (சிங்கோனா விதையை டச்சுக்காரர்களுக்கு அனுப்பி ஜாவாவில் கொய்னா தொழிலை வாழவைத்தவரும் இதே லெட்ஜர்தான். அதுவே ஒரு தனிப் பதிவு தாங்கும்.)

இப்போ அமெரிக்கா. 1984-ல் வியாபார ரீதியாக முதல் அல்பாக்காக்கள் அங்கே இறங்கின. எண்ணிக்கை கம்மி என்பதால் விலை தாறுமாறு. 1998-ல் வளர்ப்போரின் பதிவேடு, இனிமேல் வெளிநாட்டு மிருகங்களைப் பதியமாட்டோம் என்று கதவைச் சாத்திக்கொண்டது. கதவுக்கு வெளியே பெருவில் லட்சக்கணக்கில் மலிவாகக் கிடக்க, உள்ளே இருப்பதற்கு மட்டும் தங்க விலை. 2003-ல் வரிச் சட்டம் மாறி, பண்ணைக்கு வாங்கும் மிருகங்கள், கருவிகளின் விலையை அதே வருஷம் கழித்துக்கொள்ளும் வரம்பு 25,000 டாலரிலிருந்து 1,00,000 டாலருக்கு ஏறியது. டி.வி.யில் விளம்பரம் வேறு. நல்ல பெட்டை ஒன்று 20,000 டாலர் என்பது சர்வ சாதாரணமாச்சு. பொலிகிடாய்க்கு லட்சங்களில் கொடுத்தவர்களும் உண்டு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 10 பெட்டை, ஒவ்வொண்ணும் 20,000 டாலர் என்றால் முதல் 2 லட்சம் டாலர். வருஷத்துக்கு ஒரு முறை முடி வெட்டலாம். தலைக்கு 3 கிலோ என்றால் மொத்தம் 30 கிலோ. ஒரு பேச்சுக்கு கிலோ 10 டாலர் என்று வைத்தால் வருமானம் 300 டாலர். முடி வெட்ட வருபவருக்குத் தலைக்கு 30 டாலர் கூலி என்று வைத்தால், அதுவும் 300. முடி வெட்டின கூலிக்கு முடி சரியாப் போச்சு! வைக்கோல், வேலி, டாக்டர் செலவு எல்லாம் கைக்காசு. வயசாக ஆக முடி தடித்து விலை இன்னும் இறங்கும். அமெரிக்காவில் அல்பாக்கா கறி சாப்பிடும் வழக்கமும் கிடையாது.

அப்போ லாபம் எங்கே? குட்டியில். கர்ப்பகாலம் பதினொன்றரை மாசம், வருஷத்துக்கு ஒரே குட்டி, இரட்டை என்பது அபூர்வம். அந்தக் குட்டியை வாங்க இன்னொருத்தர் வேணும். அவர் எதுக்கு வாங்குவார்? குட்டி போட்டு விற்க. அதை வாங்குபவர்? அவரும் குட்டி போட்டு விற்க. நம்ம பாஷையில் சொன்னால் பேஸ் கேஸ் இல்லாத ரிகர்ஷன். எங்கேயாவது ஒருத்தர் கடைசியில் துணிக்கோ கறிக்கோ வாங்கியே ஆகணும், இல்லேன்னா ஸ்டாக் ஓவர்ஃப்ளோதான். 5 வருஷத்துக்கு ஒருமுறை மந்தை இரட்டிக்கும் என்று வைத்தால்கூட 20 வருஷத்தில் 16 மடங்கு. அத்தனை புது ஏமாளிக்கு எங்கே போவது?

இதைத்தான் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த டினா சைடோன், ரிச்சர்ட் செக்ஸ்டன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2007-ல் கட்டுரையாகவே எழுதினார்கள். கம்பளி தரும் வருமானத்துக்கும் இந்த விலைக்கும் சம்பந்தமே இல்லை, இது ஊக வணிகக் குமிழி என்றார்கள். அல்பாக்கா ஆட்கள் கோபப்பட்டார்கள். 2008-ல் பொருளாதாரம் சரிந்ததும் புதுசாக வாங்க ஆள் வரவில்லை, சில வருஷங்களில் விலை தரையைத் தொட்டது. இருபதாயிரம் கொடுத்து வாங்கியதை நூறு, இருநூறுக்குத் தள்ளினார்கள். சும்மா கொடுத்தால்கூட வாங்க ஆள் இல்லாமல் மீட்பு இல்லங்களுக்குப் போனவையும் உண்டு. 15, 20 வருஷம் உயிர் வாழும் ஜீவன், தீனி போட்டுத்தானே ஆகணும்?

இது புதுசும் இல்லை. 1810-ஐ ஒட்டி அமெரிக்காவில் மெரினோ ஆட்டுப் பித்து, 1850-களில் கோழிப் பித்து, 1990-களில் ஈமு பித்து. ஈமு என்றதும் உங்களுக்கு பெருந்துறை ஞாபகம் வந்திருக்கும். 2012-ல் அந்தக் கூடாரம் கலைந்தபோது கொங்குப் பக்கம் எத்தனை குடும்பங்கள் நகையையும் நிலத்தையும் இழந்து நின்றன! ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கம்பெனி டெபாசிட் வாங்கி, மாசாமாசம் காசு தருகிறோம், பறவையையும் நாங்களே எடுத்துக்கறோம் என்று வாக்குக் கொடுத்து ஏமாற்றியது. அல்பாக்காவில் அப்படி ஒரு ஒற்றை வில்லன் கிடையாது. விற்றவரில் பாதிப்பேர் தானும் மனசார நம்பித்தான் விற்றார். எனக்கு இதுதான் அதிக பயமாக இருக்கிறது. மோசடி என்றால் போலீஸில் புகாராவது கொடுக்கலாம். எல்லாரும் சேர்ந்து நம்பினதுக்கு யார் மேல் புகார் கொடுப்பது?

சரி, கேள்விக்கு வருவோம். லாபம் வருமா? சும்மா கொல்லையில் நிறுத்தி முடியை மூட்டையாக விற்றால் வராது. நாய், நரியிடமிருந்து ஆட்டுக்குட்டிகளைக் காக்க ரெண்டு உருப்படி, தானே நூல் நூற்று தொப்பி, ஸ்வெட்டராக விற்பது, டிக்கெட் போட்டுச் சுற்றுலாக்காரர்களை அல்பாக்காவோடு நடக்க விடுவது என்று இருப்பவர்கள் கையைக் கடிக்காமல் ஓட்டுகிறார்கள். அதுவும் மிருகத்தை மலிவாக வாங்கியிருந்தால். அங்கே விற்பனை ஆவது கம்பளி இல்லை, ஞாயிற்றுக்கிழமை சந்தோஷம்.

உலகத்து அல்பாக்காக்களில் 80 சதவீதத்துக்கு மேல் இன்றும் பெருவில்தான். அங்கே கறி உண்டு, முடி உண்டு, எரிக்கச் சாணம் உண்டு. ரிகர்ஷனுக்கு பேஸ் கேஸ் இருக்கிற ஒரே ஊர். ஆனால் அந்த உயரத்தில் குளிரில் குட்டிகளைச் சாகக் கொடுத்து மேய்க்கிறவர் இன்னமும் ஏழைதான். சால்ட் காலத்திலிருந்து காசு நூற்பவன், விற்பவன் பக்கமே நிற்கிறது.

ஆக, ரெண்டு ஏக்கர் கனவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. நீங்க விற்கப்போவதை வாங்குபவர் அதை வைத்து என்ன செய்வார்? "அவரும் வளர்த்து விற்பார்" என்பதுதான் பதில் என்றால், பேசாமல் பேங்கில் போட்டுடுங்க.

சிங்கோனாவுக்கும் நம்ம நீலகிரிக்கும் உள்ள உறவு அடுத்த பதிவில். வர்ட்டா!