மட்டக்களப்பு வாவியின் ஓசையும் அதன் ஒலிப்பதிவும்

கல்லடிப் பாலத்தை அண்டி, நிலவு காலத்து இரவுகளில் மட்டக்களப்பு வாவியிலிருந்து எழும் 'பாடும் மீன்' ஓசை, எழுத்தில் இடம்பெற்றபோதே அதைக் கேட்கும் முறையோடு சேர்ந்தே இடம்பெற்றது. இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1848இல் வாவியில் தாம் கேட்டவற்றை விவரிக்கையில், ஈரவிரலால் விளிம்பைத் தேய்த்த கண்ணாடிக் கிண்ணத்தின் மெல்லதிர்வை ஒத்த, ஒன்றோடொன்று கலவாத பல ஒலிகள் நீரடியிலிருந்து வந்ததாகவும், படகின் மரத்தில் காதை வைத்தபோது அவை வலுத்துக் கேட்டதாகவும் எழுதினார். அவற்றை எழுப்புவது ஊரி எனப்படும் சிப்பியினம் என்று மீனவர்கள் அவருக்குக் கூறினர். மீனா, ஊரியா என்ற வினா பின்னரும் தீரவில்லை.

தோணிக்காரர்கள் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு ஒட்டிக் கேட்கும் வழக்கம் நுட்பமானது. நீரும் காற்றும் அடர்த்தியிலும் ஒலிவேகத்திலும் பெரிதும் வேறுபடுவதால், நீருக்குள் பிறக்கும் ஒலியாற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே மேற்பரப்பைக் கடந்து காற்றை அடைகிறது; எஞ்சியது நீருக்கே திரும்பிவிட, துடுப்பின் மரமோ அதிர்வைக் காற்றின் துணையின்றி நேரே செவிக்குக் கடத்துகிறது.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இவ்வோசையை நீரரமகளிரின் இசையாகப் பாடி, பழந்தமிழ் யாழை ஆராயும் தம் 'யாழ் நூ'லில் (1947) சேர்த்தார். 1950களில் அமெரிக்க யேசுசபைத் துறவியான லாங் அடிகளார், ஒலிவாங்கியை நீருக்குள்ளேயே இறக்கி அதைப் பதிவு செய்தார். அப்பதிவு பின்னர் இலங்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. துடுப்பு செய்த பணியையே அவரது கருவியும் செய்தது என்பதே இவ்வரலாற்றில் முதன்மையாகக் கருதத்தக்கது.

இன்று நீரொலிவாங்கியை, அதாவது நீர் புகாதவாறு அமைந்த ஒலிவாங்கியை, வீட்டுக் கணினியோடு இணைத்து எவரும் பதிவு செய்யலாம். ஆயினும் கணினியில் இரைச்சலை நீக்கும் வசதி இங்கு ஓரளவே உதவும். மீன்கள் எழுப்பும் ஒலிகளில் பெரும்பாலானவை நொடிக்கு 1,000 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்டவை; படகு இயந்திரத்தின் உறுமலும் பாலத்து வாகன அதிர்வும் பெரிதும் அவ்வெல்லைக்குள்ளேயே அடங்குவதால், ஒன்றை வடிகட்ட முனைந்தால் மற்றதும் தேய்கிறது. ஆகவே போக்குவரத்து அடங்கிய வேளையில், இயந்திரத்தை நிறுத்திய தோணியிலிருந்து, ஒலிவாங்கியின் கம்பி தோணியில் உரசாதபடி இறக்கிப் பதிந்து, ஒலியின் எப்பகுதியையும் கழிக்காத வேவ் கோப்பாக மூலப்பதிவைத் தனியே பேணி, திருத்தங்களை அதன் படியில் மட்டும் செய்வது இன்றியமையாததாகிறது.