குடல் நோயும் மருந்தின் விலையும்



தில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் என் அண்டை வீட்டுக்காரர் ஒரு தமிழர். மத்திய அரசு ஊழியர். அவருடைய மைந்தன் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டிலேயே இரத்தக் கழிச்சலால் மெலியலானான். பல சோதனைகளுக்குப் பின் அது பெருங்குடலில் புண் உண்டாக்கும் அழற்சி நோய் என்று மருத்துவர் கூறினார். ஒருமுறை வந்து தீர்ந்துவிடும் நோயன்று அது. அடங்கும், மீண்டும் எழும். ஆயுள் முழுவதும் மருந்து வேண்டும். மாத்திரைகள் அரசு மருந்தகத்திலேயே கிடைக்கின்றன. எனினும் நண்பர் அவற்றின் கடை விலையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாதந்தோறும் குறித்து வருகிறார். மாத்திரைக் கணக்கு தாங்கக்கூடியதே. மாத்திரைக்கு அடங்காவிடில் ஊசி மருந்து தேவைப்படலாம் என்று சென்ற ஆண்டு மருத்துவர் சொன்னார். அதன் கணக்கு தனிப் பக்கத்தில் இருக்கிறது. அதைக் கண்டு நான் திகைத்தேன். ஒரே நோய்க்கு இவ்விரு விலைகள் ஏன்? இக்கேள்விக்கு விடை வரலாற்றில் இருக்கிறது.

இந்நோய்க்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை 1859-ஆம் ஆண்டு இலண்டனில் சாமுவேல் வில்க்ஸ் என்ற மருத்துவர் எழுதினார். இதன் உடன்பிறப்பான மற்றொரு குடல் நோயை 1932-இல் நியூயார்க் மருத்துவர் கிரோனும் அவர்தம் தோழர் இருவரும் விவரித்தனர். நெடுங்காலம் ஓய்வும் பத்தியமும் கத்தியுமே சிகிச்சையாக இருந்தன. சுவீடன் நாட்டுப் பெண் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்திற்கென ஆக்குவித்த சல்ஃபாசலசின் என்ற மருந்து, குடற்புண்ணை ஆற்றுவதை 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரே கண்டார். அம்மருந்தில் வேலை செய்யும் பகுதி எது என்பதை 1977-இல் ஆக்ஸ்போர்டில் வெளிப்படுத்தியவர்களுள் முதல்வர் ஆசாத் கான், வங்கநாட்டவர். அப்பகுதியே மெசலமின் என்ற பெயரில் தனி மருந்தாயிற்று. நண்பர் மகன் நாள்தோறும் விழுங்குவது இதனைத்தான்.

இனி விலைக்கு வருவோம். 1911-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் வெள்ளையர் இயற்றியது. (காப்புரிமை என்ற சொல்லை எம் போன்ற மொழிபெயர்ப்பாளர் பலர் பதிப்புரிமையோடு குழப்பிக்கொள்வதுண்டு, இங்கே நாம் பேசுவது கண்டுபிடிப்பின் மீதான உரிமை.) அச்சட்டப்படி மருந்து ஒன்றைக் கண்டவருக்கு 16 ஆண்டுத் தனியுரிமை கிடைத்தது. அவ்வுரிமைகளிற் பெரும்பாலானவை அந்நிய நிறுவனங்களிடம் இருந்தன. அவற்றுள் மிகப்பலவற்றைக் கொண்டு இந்நாட்டில் உற்பத்தியே நடக்கவில்லை. உலகில் மருந்து விலை மிக உயர்ந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்று அமெரிக்கச் செனட் சபையின் கெஃபாவர் குழுவே 1961-இல் எழுதியது. ஏழை நாட்டில் மருந்து விலை அத்துணை உயர்வு!

இதனை ஆராயும் பணி 1957-இல் ஒரு தமிழரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ந. இராஜகோபால ஐயங்கார், பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் அமர்ந்தவர். 1959-இல் அவர் அளித்த அறிக்கையின் சாரம் எளிது. மருந்தைச் செய்யும் வழிக்கு உரிமை தரலாம்; மருந்துக்கே உரிமை தரலாகாது. ஒருவர் ஒரு வழியிற் செய்தால், மற்றொருவர் வேறு வழி கண்டு அதே மருந்தைச் செய்து விற்கலாம். 1965-இல் மக்களவைக்கு வந்த மசோதா காலாவதியாயிற்று. மீண்டும் கொணரப்பட்டு 1970-இல் சட்டமாகி, 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மருந்து செய்யும் வழிக்கான உரிமையும் அதிகபட்சம் ஏழாண்டே என்றாயிற்று.

சல்ஃபாசலசின் முன்னரே பழைய மருந்து. அது மலிவாயிருப்பதற்கு இச்சட்டமே காரணம் என்பது மிகையாகும். ஆயின் மெசலமினையும் அசத்தியோபிரினையும் இந்தியக் கம்பெனிகள் பல போட்டியிட்டுச் செய்கின்றனவே, அத்தொழில் இச்சட்டத்தின் நிழலில் வளர்ந்தது. தில்லித் தமிழரில் இராஜகோபால ஐயங்காரின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர் என்று நான் வியப்பதுண்டு.

ஊசி மருந்தின் கதை வேறு. 1998-இல் அமெரிக்காவில் கிரோன் நோய்க்கு அனுமதி பெற்ற இன்ஃபிளிக்சிமாப் உயிரணுக்களைக் கொண்டு உண்டாக்கப்படுவது. வேதிப்பொருளைப் போல அதனைப் படியெடுத்தல் எளிதன்று. பெரும் முதல் வேண்டும், நீண்ட சோதனை வேண்டும். எட்டு வாரத்திற்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவதும் வழக்கம். இதனிடையே உலக வர்த்தக ஒப்பந்தத்தை ஒட்டி 2005 ஜனவரி முதல் மருந்துக்கே உரிமை தரும் முறை இந்தியாவுக்குத் திரும்பியது. ஆயினும் 2014 டிசம்பரில் ஆமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் அடாலிமுமாப் ஊசிக்கு ஒப்பான மருந்தை வெளியிட்டது. அமெரிக்க விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்று அப்போது செய்திகள் வந்தன. ஐந்தில் ஒரு பங்கும் மாதச் சம்பளக்காரருக்குச் சுமையே.

நம் நாட்டில் இன்னொரு செலவும் உண்டு. குடற் காசநோயும் கிரோன் நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே மருத்துவர் பல வேளைகளில் முதலிற் காசநோய் மருந்தையே கொடுத்துப் பார்ப்பர். அரசு அதை இலவசமாகவே வழங்குகிறது. ஆனால் நோய் கிரோன் எனத் தெரியும்போது மாதங்கள் கழிந்திருக்கும். ஊசி தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோயைத் தேடியும் சோதிக்க வேண்டும். இல்லையேல் அது கிளர்ந்தெழக்கூடும்.

மத்திய அரசு ஊழியர்க்குத் துணையாக 1954-இல் இத்தில்லியில் தொடங்கியதுதான் மத்திய அரசு சுகாதாரத் திட்டம். நண்பர் வீட்டிற்கு மருந்து வருவது அதன் அட்டையால்தான். ஆனால் அதன் விதிப்படி மகன் 25 வயது நிறைவதற்கு முன்னரே சம்பாதிக்கத் தொடங்கினாலோ மணம் புரிந்தாலோ அன்றே அட்டையிலிருந்து நீங்குவான். இரண்டும் இல்லையேல் 25-இல் நீங்குவான். நிரந்தர ஊனமுற்றோர்க்கு மட்டுமே விலக்கு. இந்நோயோ பெரும்பாலும் 15-க்கும் 35-க்கும் இடையே தலைகாட்டுவது.

நண்பர் கடை விலையைக் குறித்து வருவதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. பையனுக்கு வருகிற ஆவணியில் 25 நிறைகிறது. தனியார் நிறுவனங்கள் சிலவற்றிற்கு வேலை கேட்டு அவன் எழுதிய விண்ணப்பங்களை நான் பார்த்துத் திருத்திக் கொடுத்தேன். சம்பளத்தைக் கேட்கும் முன் ஊழியர் மருத்துவக் காப்பீட்டில் பழைய நோய் சேருமா என்று கேட்கும்படி தகப்பனார் சொல்லியிருக்கிறார்.