முந்நூற்றைந்தும் மூவாயிரத்தைந்தும்: இடப்பெறுமானத்தின் வரலாறும் வகுப்பறையும்

கீழ் வகுப்புக்களிலே எண்கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஒரு பிழையை நன்கறிவர். 'முந்நூற்றைந்து' எனச் சொல்லி எழுதுமாறு பணித்தால், பிள்ளைகளுட் சிலர் 305 என எழுதாது 3005 என எழுதுவர். யானும் பல்லாண்டு அதனைக் கவனக்குறைவெனக் கருதிச் சிவப்பு மையாற் கோடிட்டு வந்தேன். எண்களின் வரலாற்றைச் சிறிது பயின்ற பின்னரே, அப்பிள்ளை வழி தவறவில்லை, மனித இனம் நடந்த வழியிலே ஒரு படியில் நிற்கின்றது என்பது புலனாயிற்று. அப்படி யாது, அடுத்த படிக்கு அதனை ஏற்றுவது எங்ஙனம் என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

முதலில் நம் முன்னோர் எண்ணை எழுதிய முறையைக் காண்போம். ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள குறிகளோடு, பத்துக்கு ௰ என்றும், நூற்றுக்கு ௱ என்றும், ஆயிரத்துக்கு ௲ என்றும் தனிக்குறிகள் தமிழில் வழங்கின. முந்நூற்றைந்து ௩௱௫ என எழுதப்பட்டது. மூன்று, நூறு, ஐந்து எனச் சொல்லின் ஒழுங்கே குறியின் ஒழுங்காயிற்று. பத்துக்கள் இல்லை என்பதைக் காட்ட அம்முறையிற் பூச்சியம் வேண்டப்படவில்லை. பூச்சியத்தோடு கூடிய இடப்பெறுமான முறையிலே தமிழ்க் குறிகளையும் எழுதும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிற் பரவியது. 3005 என எழுதும் பிள்ளை, 300 என்பதை 'முந்நூறு' என்னும் சொல்லின் குறியாகக் கொண்டு, அதன் பக்கத்தில் ஐந்தை வைக்கின்றது. செவியை நம்பி எழுதுகின்றது. நம் முன்னோர் செய்ததும் அதுவே.

நம் மொழியின் எண்ணுப் பெயர்களும் பிள்ளைக்கு ஓரிடரை விளைக்கின்றன. எண்பதை அடுத்து வருவது தொண்ணூறு. எண்ணூற்றை அடுத்து வருவது தொள்ளாயிரம். பத்துக்களை எண்ணிவரும் பிள்ளையின் காதில் திடீரென 'நூறு' ஒலிக்கின்றது. நூறுகளை எண்ணும்போது 'ஆயிரம்' ஒலிக்கின்றது. இப்புணர்ச்சிகளைத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலிலே விதந்து கூறும். இலக்கண மாணவனுக்கு விருந்தாவது, எண் பயிலும் மழலைக்கு மயக்கமாகின்றது. ஆகலின், செவிக்குத் துணையாகக் கண்ணும் கையும் வேண்டும்.

கையின் வரலாறு தனியானது. கிரேக்க நாட்டுச் சலாமிசுத் தீவிலே 1846ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட சலவைக்கற் பலகையில் இணைகோடுகள் கீறப்பட்டுள்ளன. கூழாங்கற்களை வைத்துக் கணக்கிட அத்தகைய பலகைகள் பயன்பட்டன. உரோமர் எண்களை எழுத்துக்களாற் குறித்தனராயினும், கணக்கைக் கற்களைக் கொண்டே செய்தனர். கணித்தலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் பல, கூழாங்கல்லைக் குறிக்கும் அவர்தம் சொல்லிலிருந்தே பிறந்தன. சீனர் பலகைமீது சிறு குச்சிகளைப் பரப்பிக் கணித்து, எண் இல்லாத இடத்தை வெறுமையாக விட்டனர். எழுத்திலே இடப்பெறுமானம் இல்லாத மக்களிடத்தும் கையிலே அது வாழ்ந்தது என்பது இதனாற் பெறப்படும்.

பலகையிலே வெற்றிடம் கண்ணுக்குத் தெரியும். எழுத்திலே அது மறைந்துவிடும். பாபிலோனியர் அறுபதை அடியாகக் கொண்டு இடமுறைப்படி எழுதியபோது, தொடக்கத்தில் வெற்றிடத்துக்குக் குறியின்றி இடர்ப்பட்டனர்; பிற்காலத்திலேயே அதற்கொரு குறியிட்டனர். பாரத நாட்டிலே வெறுமை 'சூனியம்' எனப் பெயர் பெற்றது. 628ஆம் ஆண்டிலே பிரமகுப்தர் அதனையும் ஓரெண்ணாகக் கொண்டு கூட்டல் கழித்தல் விதிகளை வகுத்தார். குவாலியரிலுள்ள திருமால் கோயிலொன்றின் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டிலே, நந்தவனத்தின் அளவாகிய 270 என்னும் எண்ணிலும், நாடோறும் சாத்த வேண்டிய மாலைகளாகிய 50 என்னும் எண்ணிலும் பூச்சியம் சிறு வட்டமாக விளங்குகின்றது. அராபியர் 'சூனியம்' என்பதைச் 'சிஃபர்' என மொழிபெயர்த்தனர். பீசா நகரத்து லியோனார்டோ 1202ஆம் ஆண்டில் இம்முறையை ஐரோப்பியருக்கு விளக்கி நூல் செய்தார். ஆயினும், 1299ஆம் ஆண்டிலே புளோரன்சு நகர நாணயமாற்று வணிகர் சங்கம், கணக்கேடுகளில் இவ்வெண்களை எழுதலாகாதெனத் தன் உறுப்பினரைத் தடுத்தது. தேர்ந்த வணிகருக்கே இத்துணைத் தயக்கம் இருந்ததெனின், ஏழு வயதுப் பிள்ளை ஓரிரு கிழமை மயங்குவதை நாம் குற்றமெனலாமா?

கையின் வழியைப் பள்ளிக்கு மீட்டுத் தந்த கல்வியாளர் பலர். நெப்போலியனின் 1812ஆம் ஆண்டுப் படையெடுப்பிலே உருசியரிடம் சிறைப்பட்ட கணித அறிஞர் பொன்சலே, அந்நாட்டு மணிச்சட்டத்தைப் பிரான்சுக்குக் கொண்டு சென்றார். 1944ஆம் ஆண்டில் இலங்கைக்கும் வருகை தந்த மரியா மொண்டிசோரி அம்மையார், தனிமணி, பத்துமணிக் கோல், நூறுமணிச் சதுரம், ஆயிரமணிக் கனம் என்பவற்றை அமைத்தார். சோல்தான் தீனிசு மரக்கட்டைகளால் அதே உண்மையைப் புகட்டினார்.

நம் வகுப்பறைக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. ஈர்க்கும் இரப்பர் வளையமும் தாயக்கட்டையும் போதும். நால்வரை ஒரு குழுவாக்குக. ஒவ்வொருவர் முன்னும் ஒன்றினிடம், பத்தினிடம், நூறினிடம் என மூன்று கட்டங்கள் கீறுக. கட்டை காட்டும் எண்ணளவு ஈர்க்குகளை எடுத்து ஒன்றினிடத்திலே வைத்தல் வேண்டும். பத்துச் சேர்ந்தவுடன் கட்டி, இடப்பக்கத்துக் கட்டத்துக்கு மாற்றுதல் வேண்டும். முதலில் நூறு சேர்த்தவர் வென்றவர். பின்னர் நூற்றிலிருந்து கழித்துவரச் செய்க. அப்போது கட்டை அவிழ்த்தே கொடுக்கவேண்டி வரும். கழித்தலிலே நாம் 'கடன் வாங்குதல்' என்பது உண்மையிற் கடனன்று, கட்டவிழ்த்தலே என்பதைப் பிள்ளை தன் விரலால் அறிந்துகொள்ளும்.

இதன் பின்னரே எண்சட்டத்தைக் கொடுத்தல் தகும். கட்டிய ஈர்க்கிலே பத்தும் கண்ணுக்குத் தெரியும். சட்டத்திலோ பத்தினிடத்து மணியும் ஒன்றினிடத்து மணியும் ஒரே தோற்றமுடையவை, இடம் ஒன்றே பெறுமானத்தைச் சொல்லும். ஈற்றில், மூன்று நூற்றுக்கட்டுக்களையும் ஐந்து தனி ஈர்க்குகளையும் வைத்து, நடுக்கட்டத்தில் என்ன உண்டு என வினவுக. 'ஒன்றுமில்லை' என விடை வரும். அவ்விடையை எழுதும் குறியே பூச்சியம் என்க. 300 என எழுதிய அட்டையின் கடைசிப் பூச்சியத்தின்மேல் 5 என்ற சிறிய அட்டையை வைத்துக் காட்டினால், 3005 தானாகவே 305 ஆகிவிடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. விளையாட்டு விளையாட்டாகவே முடியுமாயின் பயனில்லை. ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவையும் பிள்ளை தன் கொப்பியில் எண்ணாக எழுதுதல் வேண்டும். எழுதிய எண்ணை மீண்டும் ஈர்க்குகளாக அடுக்கிக் காட்டுதலும் வேண்டும்.

மனித குலம் பல நூற்றாண்டுகளில் ஏறிய படிகளை ஒரு பிள்ளை சில கிழமைகளில் ஏறவேண்டியுள்ளது. இனி 3005 என்ற விடையைக் காணும்போது, கோடிடுமுன் ஒரு பிடி ஈர்க்கை அப்பிள்ளையின் கையிற் கொடுப்போமாக.