மாத்திரைக்கு முன்னும் பின்னும்: முற்றிய நுரையீரல் புற்றுநோயில் இலக்குசார் சிகிச்சை

2008 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் எர்லோட்டினிப் என்ற நுரையீரல் புற்றுநோய் மாத்திரை பற்றித் தீர்ப்பளித்தது. அப்போது ரோஷ் நிறுவனத்தின் மாத்திரை ஒன்று 4,800 ரூபாய். சிப்லாவினுடையது 1,600 ரூபாய். காப்புரிமை வழக்கு முடியும்வரை சிப்லா விற்கக்கூடாது என்று தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. பொதுநலனும் விலை வேறுபாடும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் அடங்கும். 2024 ஜூலையில் ஓசிமெர்டினிப் என்ற புதிய மாத்திரைக்குச் சுங்கவரி நீக்கப்பட்டபோதும் பேச்சு விலையைச் சுற்றியே இருந்தது. அந்தப் பேச்சு தேவையானது. விலைக்காகப் போராடியவர்களால் பல குடும்பங்கள் பிழைத்தன. ஆனால் விலை இறங்கிவிட்டால் மருந்து நோயாளியைச் சேர்ந்துவிட்டது என்று கணக்கை முடித்துவிடுகிறோம். இத்தகைய மாத்திரைகளின் பலனைப் பெரிதும் தீர்மானிப்பவை, விழுங்குவதற்கு முன் நடக்கும் சோதனையும் விழுங்கத் தொடங்கியபின் வீட்டில் கழியும் நாட்களும்தான். இரண்டையும் நோயாளியின் சொந்தப் பொறுப்பு என்று விட்டிருக்கிறோம். அவை சிகிச்சையின் உறுப்புகள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சோதனை. ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் செல்லின் மேலிருந்து ‘வளர்’ என்ற கட்டளையை உள்ளே கடத்துகிறது. அதன் மரபணுவில் 19ஆம் எக்ஸான் என்ற பகுதியில் சிறு துண்டு விடுபட்டாலோ, 21ஆம் எக்ஸானில் எல்858ஆர் என்ற மாற்றம் நேர்ந்தாலோ அந்தக் கட்டளை ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். கெஃபிட்டினிப் என்ற மாத்திரையும் எர்லோட்டினிப்பும் அப்புரதத்தின் ஆற்றல்வாங்கும் குழிவில் உட்கார்ந்து கட்டளையை நிறுத்துகின்றன. ஆனால் கெஃபிட்டினிப் ஜப்பானில் 2002இல் அனுமதி பெற்றபோது இந்த மாற்றம் யாருக்கும் தெரியாது. சிலருக்குக் கட்டி வியக்கத்தக்க வகையில் சுருங்கியது. பலருக்கு ஒன்றும் நடக்கவில்லை. காரணம் 2004இல்தான் புலப்பட்டது. 2009இல் வெளியான ‘ஐபாஸ்’ ஆய்வு அதை எண்ணிக்கையாகவே காட்டியது. கிழக்காசியாவில் 1,217 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், மரபணு மாற்றம் உள்ளவர்களில் 71.2 விழுக்காட்டினருக்குக் கெஃபிட்டினிப் கட்டியைச் சுருக்கியது. மாற்றம் இல்லாதவர்களில் 1.1 விழுக்காட்டினருக்கு மட்டுமே. மாற்றம் இல்லாமல் கெஃபிட்டினிப் எடுத்தவர்களுக்கு நோய் முற்றும் வேகம், மாற்றம் இல்லாமல் கீமோ பெற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே சோதிக்காமல் மாத்திரையைத் தொடங்குவதைப் பண விரயம் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. அது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஓர் எண் இருக்கிறது. 1,217 பேரில் மரபணு நிலையைக் கண்டறிய முடிந்தது 437 பேருக்கே. நல்ல வசதிகளோடு நடந்த ஆய்விலேயே திசு கொடுத்தவர்களும், கொடுத்த திசு சோதனைக்குத் தேறியவர்களும் இவ்வளவுதான். ஊசியால் எடுத்த திசு நூல்போல மெல்லியது. அதை மெழுகில் பதித்துக் கட்டியாக்கி, மயிரிழையிலும் மெல்லிய சீவல்களாக அறுக்கிறார்கள். இது புற்றுநோயா, எந்த வகை, எங்கே தோன்றியது என்று பார்க்கப் பார்க்கச் சீவல்கள் தீர்ந்துபோகும். மரபணுச் சோதனைக்கு முறை வரும்போது மெழுகுதான் மிஞ்சும். ரத்தத்தில் தேடும் சோதனை இப்போது கைகொடுக்கிறது. ஆனால் அதில் ‘இல்லை’ என்று வந்தால் உண்மையில் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. திசுவை முதல் நாளிலிருந்தே சிக்கனமாகக் கையாளும் ஆய்வகப் பழக்கம், மருந்து வாங்கும் பணத்தைவிடக் குறைந்த மதிப்புடையது அல்ல.

இனி வீடு. கீமோ என்றால் மருத்துவமனைக் கட்டில், ஊசி, செவிலியர். மாத்திரை என்றவுடன் ‘காய்ச்சல் மாத்திரை மாதிரி போட்டுக்கொள்ள வேண்டியதுதானே’ என்ற நிம்மதி குடும்பத்துக்கு வந்துவிடுகிறது. அந்த நிம்மதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் வீடுகளில் எந்த மாத்திரையோடும் ஒரு ‘கேஸ் மாத்திரை’ சேர்ந்தே வரும். அதனால் வயிற்று அமிலம் குறைந்தால் கெஃபிட்டினிப் சரியாகக் கரையாது. அமிலத்தை வெகுவாகக் குறைத்து நடத்திய சோதனையில் ரத்தத்தில் சேர்ந்த மருந்து 47 விழுக்காடு குறைந்தது. எர்லோட்டினிப்பை வெறும் வயிற்றில் போட வேண்டும். புகைபிடித்தால் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இன்னும் கடுமையானது. கெஃபிட்டினிப்பின் அளவை அது 83 விழுக்காடு குறைக்கிறது. நம் நாட்டில் இதை எங்கோ அரிதாக நேர்வது என்று ஒதுக்க முடியாது. இருமல், எடைக் குறைவு, எக்ஸ்ரேயில் நிழல் ஆகியவற்றைக் கண்டு சளியில் கிருமி தெரியாமலே காசநோய் மருந்து தொடங்கப்பட்டு, மாதங்கள் கழித்துப் புற்றுநோய் என்று தெரியவருபவர்கள் உண்டு. பழைய காசநோய் மாத்திரை இன்னும் தொடர்கிறதா என்று யாராவது கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

பக்கவிளைவுகளும் வீட்டு மொழியில்தான் வருகின்றன. முகத்தில் பருபோல எழும், வயிற்றால் போகும், விரல் நுனியில் நகச்சுத்தி வரும். நகச்சுத்தி என்றால் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகுவது நம் கைவைத்தியம். இந்த மருந்தால் நகமுனைத் தோல் ஏற்கெனவே மெலிந்து வெடித்திருக்கும். புளிப்புச் சாறு அதில் தீயாக எரியும். சட்டைப் பொத்தான் போட முடியாமல், சோறு பிசைய முடியாமல் தவிக்கும் ஒருவர் ‘இந்தச் சின்ன விஷயத்துக்கா டாக்டரைப் பார்ப்பது’ என்று தானாகவே மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடத் தொடங்குகிறார். களிம்பும், டாக்சிசைக்ளினும், தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லும் இடைவெளியும் அவரைச் சிகிச்சைக்குள் நிறுத்தியிருக்கும்.

ஓசிமெர்டினிப் இந்தச் சிக்கல்களைத் தீர்த்துவிட்டதே என்று கேட்கலாம். பாதி உண்மை. நாளுக்கு ஒன்று, 80 மில்லிகிராம். உணவும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் அதைப் பாதிப்பதில்லை. ‘ஃப்ளோரா’ ஆய்வில் நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம், பழைய மாத்திரைகளுக்கு 10.2 மாதம், இதற்கு 18.9 மாதம். ஆனாலும் ரிஃபாம்பிசின் இதையும் விட்டுவைப்பதில்லை. புதிதாக மூச்சுத் திணறினால் அது நோயா, மருந்து நுரையீரலில் உண்டாக்கிய அழற்சியா என்று அன்றே பார்க்க வேண்டும். அழற்சி என்றால் மாத்திரையை நிறுத்தியாக வேண்டும். நோய் திரும்பும்போது மறுபடி திசு, மறுபடி சோதனை. மாத்திரை கீமோவை விலக்கிவிடவும் இல்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 350 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. கெஃபிட்டினிப்போடு கீமோவும் சேர்த்தபோது நோய் முற்றாத காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமானது. கடுமையான பக்கவிளைவும் இரட்டித்தது. மாத்திரை வந்ததால் மருத்துவமனையின் வேலை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

எனவே காப்பீட்டுத் திட்டங்கள் மாத்திரையின் விலையோடு மரபணுச் சோதனையையும் ஒரே செலவாக ஏற்க வேண்டும். முதல் மாதத்தில் இருமுறையாவது செவிலியர் தொலைபேசியில் அழைத்து நகம், வயிறு, மூச்சு மூன்றையும் கேட்க வேண்டும். முதல் அட்டையைக் கையில் கொடுக்கும் நாளில், வீட்டிலிருக்கும் மாத்திரை, லேகியம், சூரணம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துவரச் சொல்லி, மேசைமேல் கொட்டி, ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, இது வேண்டாம், இதை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு மருந்தாளுநருக்கு அரைமணி நேரம் ஒதுக்க வேண்டும்.