சேதுபதியை வரைந்த கைகள்

முக்கூடலை அடுத்த திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்நிலைகளை நாயக்கர் கால ஓவியங்கள் அணிசெய்கின்றன. இவ்வாறு கோயிற்சுவர்களில் வளர்ந்த ஓவியக்கலை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரண்மனைச் சுவரில் வாழும் மன்னரையே தலைவராக்கிக் காட்டியது. இராமநாதபுரத்து இராமலிங்க விலாசம் அதற்குச் சான்று.

1710இல் பட்டமேற்ற முத்து விசய ரகுநாத சேதுபதியே அவ்வோவியங்களின் நாயகர். இராசராசேசுவரியிடம் செங்கோல் பெறுகிறார், ஐரோப்பியரைச் சந்திக்கிறார், தஞ்சை மராத்தியரோடு பொருகிறார், அந்தப்புரத்தில் இன்புற்றிருக்கிறார். சமயம், அரசியல், இல்வாழ்வு ஆகிய அனைத்தும் அவர் உருவத்தைச் சூழ்ந்தே அமைகின்றன. காட்சிகளை விளக்கத் தமிழ்க் குறிப்புகளும் உண்டு. எழுதப்பட்ட மன்னரின் பெயர் நிலைத்தது. எழுதிய ஓவியரின் பெயர் நிலைக்கவில்லை.

நம் சமணக் கலைக்கும் இதே நிலைதான். சித்தன்னவாசல் அறிவர் கோயில் தூணில் அரசனும் அரசியும் இன்றும் காட்சி தருகின்றனர். அக்கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் பெயரை 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு போற்றுகிறது. தூரிகை பிடித்தவரின் பெயரை நாம் அறியோம்.

பெயரற்ற அக்கலைஞர்களுக்கு அவர்கள் தீட்டிய சுவரே வாழ்க்கை வரலாறு. திருப்பருத்திக்குன்றத்துச் சங்கீத மண்டப விதானத்தில் ஆதிநாதர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகளை வரைந்தோரும் அத்தகையோரே. ஆகவே, திருப்பணி செய்யும் அன்பர்கள் பழஞ்சுவரில் சுண்ணாம்பு பூசுமுன்னும், மங்கிய ஓவியத்தின்மேல் புதுவண்ணம் தீட்டுமுன்னும் துறையறிந்தோரைக் கலந்துகொள்ள வேண்டுகிறேன். ஒருமுறை மறைத்த முகத்தை மீண்டும் காண்டல் அரிது. முன்னோர் கைவண்ணத்தைக் காத்தலும் ஜினாலயத் தொண்டேயாம்.