ஒரு கல்லறையருகில் பிறந்த ஊழியம்

திருச்சபை வரலாற்றை எழுதுவோர் சங்கங்களையும் உபதேசப் பிணக்குகளையும் விரிவாக எடுத்துரைப்பர். வாலிபருடைய அச்சங்களுக்குத் திருச்சபை எவ்வாறு செவிகொடுத்தது என்பதை அவர்கள் எழுதுவது அரிது. அவ்வரலாற்றின் ஒரு பகுதியை இங்கே ஆராய முற்படுகிறோம்.

1935ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வாரா என்னும் இளம் உதவிக் குருவானவர் தமது ஊழியத்தின் முதல் நல்லடக்கத்தை நடத்தினார். மரித்தவள் பதினான்கு வயதுச் சிறுமி. முதன்முறையாக மாதவிடாய் கண்ட அவள், தன்னைப் பால்வினை நோய் பற்றிவிட்டதென அஞ்சித் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவளுடைய ஐயத்தைத் தீர்க்க ஒரு சொல் போதுமாயிருந்தது; அதைக் கேட்க அவளுக்கு ஒருவரும் இருக்கவில்லை.

அக்காலத்துத் திருச்சபையின் மனநிலையை நாம் நினைவுகூர வேண்டும். தன்மேல் தானே கைபோட்டு மரித்தோருக்கு அடக்க ஆராதனை முறைமையை வாசிக்கலாகாது என்று 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகம் விதித்திருந்தது. அத்தகையோரை நாற்சந்தியில் புதைக்கும் வழக்கம் 1823ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கிற்று. தற்கொலை முயற்சி 1961 வரை அந்நாட்டில் குற்றமாகவே இருந்தது. மரித்தவரைத் தள்ளிவைக்க விதிகள் பல இருந்தன. உயிரோடிருந்து கலங்குவோருடன் பேசுவதற்கான வழிகளோ அரிதாயிருந்தன.

அச்சிறுமியின் கல்லறையருகில் வாரா ஒரு தீர்மானம் செய்தார். அதன்படி வாலிபருக்குப் பாலியல் அறிவை வெளிப்படையாகப் போதிக்கலானார். பின்னாளில் ஒரு வார இதழில் அவர் இப்பொருள்பற்றி எழுதியபோது, தற்கொலை எண்ணத்தோடு போராடுவோரும் அவருக்குக் கடிதம் எழுதினர். அறியாமையும் வெட்கமும் மனச்சோர்வும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதை அக்கடிதங்கள் காட்டின.

1953ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், லண்டனிலுள்ள புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயத்தில், இடருற்றோர் அழைப்பதற்கென ஒரு தொலைபேசியை அவர் ஏற்படுத்தினார். ஒரு நாளிதழ் அப்பணியைத் ‘தொலைபேசி நல்ல சமாரியர்’ என்று குறிப்பிட, சமாரியர் என்னும் பெயரே நிலைத்தது. குருவானவரைக் காண வந்து காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுக்கச் சில தன்னார்வத் தொண்டர்கள் அங்கிருந்தனர். வந்தவர்களில் பலர் அவர்களிடமே மனந்திறந்து பேசி, ஆறுதலடைந்து திரும்பிச் சென்றனர். இதைக் கண்ட வாரா, 1954ஆம் ஆண்டு பிப்ரவரியில் செவிகொடுக்கும் பணியை அத்தொண்டர்களிடமே ஒப்படைத்தார். வருவோரிடம் சமயப் பிரசங்கம் செய்தலாகாது என்பதும் அவ்வூழியத்தின் நெறியாயிற்று. உவமையிலுள்ள சமாரியனும் காயப்பட்டவனுக்குப் பிரசங்கிக்கவில்லை, காயங்களையே கட்டினான்.

இந்நெறி நம் நாடுகளுக்கும் வந்தது. இலங்கையில் 1974இல் சுமித்ரயோவும், சென்னையில் 1986இல் சிநேகாவும் இதே வகையான பணியைத் தொடங்கின.

இவ்வரலாறு போதகர்களாகிய நமக்குக் கற்பிப்பது யாது? திடப்படுத்தல் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஏறக்குறைய அச்சிறுமியின் வயதினரே. விசுவாசப் பிரமாணத்தைக் கற்பிக்கும் நாம், தேவன் படைத்த சரீரத்தைப்பற்றியும் மனத்தின் சோர்வைப்பற்றியும் மருத்துவரையோ செவிலியரையோ கொண்டு அவர்களுக்கு ஒரு நாள் விளக்கினால் என்ன? அவர்கள் அஞ்சாமல் கேள்வி கேட்கத்தக்க ஒருவர் ஒவ்வொரு சபையிலும் இருக்கட்டும். அவர் ஆயராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பொறுமையோடு கேட்பவராகவும், கேட்டதை வெளியிடாதவராகவும் இருந்தால் போதும்.